சென்னைப் புறநகரில் முதல் வீடு: வீட்டைப் பார்க்கும் முன் பகுதியைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைக்குள் வாடகைக்கு இருந்துகொண்டு, புறநகரில் முதல் வீடு வாங்கலாம் என்று கிளம்பியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தாம்பரத்துக்குத் தெற்கே வாங்கினேன். அதன் பிறகு அலுவலக நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று ஏழெட்டுப் பேரோடு வீடு பார்க்கப் போயிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்தான்: வீட்டை முதலில் பார்த்துவிட்டார்கள். சமையலறை கிரானைட் மேடையும் பால்கனிக் காற்றும் மனசுக்குப் பிடித்துப்போனால், தெருமுனையில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு நாமே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். "இங்க மழைநீர் வடிகால் வரப்போகுதாம்" என்று புரோக்கர் சொல்ல வேண்டியதை வாங்குகிறவரே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். காசு செலவில்லாமல் ஒரு பகுதியை ஒதுக்கித் தள்ள உதவும் சோதனைகள் முதலில் வருகின்றன. வக்கீல் கட்டணம் போன்ற செலவுகள் பின்னால். வீட்டுக்குள் கால் வைப்பது கடைசி.

முன்னேற்பாடாக வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு நோட்டு, ஓட்டிப் போக ஒரு வண்டி, தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) அளக்கும் பேனா அளவு மீட்டர் (சில நூறு ரூபாய்தான்), கூகுள் எர்த் இருக்கும் ஒரு கணினி. இவற்றைவிட முக்கியம் அவகாசம். குறைந்தது மூன்று மாதம் ஒதுக்குங்கள், அதில் ஒரு மாதமாவது மழைக்காலமாக இருக்கட்டும்.

1. முதலில் பணத்துக்கு எல்லைக்கோடு

எந்தப் பகுதி என்பதைப் பாதி தீர்மானிப்பது உங்கள் கையிருப்பு. விலையை வைத்துக் கணக்குப் போடாமல், கையிலிருந்து எவ்வளவு போகும் என்று போடுங்கள்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக்கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் வங்கி தரலாம். பழைய ஃப்ளாட் ஒன்றை 60 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடன் 48 லட்சம், உங்கள் பங்கு 12 லட்சம். இதோடு முடியவில்லை. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம். இதை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது, முழுக்க உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். (புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு இந்த விகிதம் குறைவு.) வக்கீல், வங்கிச் செலவு, சில்லறை மரவேலை, குடிபோகும் செலவு எல்லாம் சேர்த்தால் 19, 20 லட்சம் இல்லாமல் 60 லட்ச வீட்டைத் தொட முடியாது.

48 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 41,700 ரூபாய். இதோடு புறநகருக்கே உரிய மாதச்செலவையும் சேருங்கள்: தண்ணீர் லாரி, கேன் தண்ணீர், ஸ்டேஷன் வரை ஷேர் ஆட்டோ, இரண்டாவது வண்டிக்குப் பெட்ரோல். புறநகரில் விலை குறைவு என்று சொல்கிறவர்கள் இந்த வரியைக் கணக்கில் எழுதுவதே இல்லை.

2. கிலோமீட்டரை மறந்துவிட்டு நேரத்தை அளங்கள்

"தாம்பரத்திலிருந்து பத்தே நிமிஷம்" என்ற விளம்பரத்தை யாரும் நம்புவதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் அளந்து பார்ப்பதும் இல்லை. மனதில் இருக்கும் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பி அலுவலகம் போங்கள், அன்று மாலையே அதே வழியில் திரும்புங்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் இருவருமே போய்ப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு 40 நிமிடம், இன்னொருவருக்கு இரண்டு மணி நேரம் என்று வீடு வாங்கிய குடும்பத்தில் இரண்டாவது வருஷமே வாடகைக்கு விடும் பேச்சு வந்துவிட்டது.

ரயில் பாதை ஓரத்தில் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் அடிக்கடி ஓடும். தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டு வரை போகும் வண்டிகள் குறைவு. ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் விலை இறங்குவதற்கு இது ஒரு காரணம். மாலையில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைக் கால அட்டவணையில் பாருங்கள், அப்புறம் நேரிலும் நின்று பாருங்கள்.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் பலரைக் கவிழ்க்கிறது. ரயில் பாதையின் எந்தப் பக்கம் வீடு? தாண்ட மேம்பாலம் இருக்கிறதா, லெவல் கிராசிங்கா, சுரங்கப்பாதையா? சுரங்கப்பாதை என்றால் மழையில் அது எத்தனை நாள் மூடியிருக்கும் என்று பக்கத்துப் பெட்டிக்கடையில் கேளுங்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்ததிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வெள்ளிக்கிழமை மாலையிலும் பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாட்களிலும் பெருங்களத்தூர் முதல் கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. வெள்ளம்: மற்ற எதையும்விட இதற்கு நேரம் கொடுங்கள்

குடிநீர் சரியில்லை என்றால் வாங்கிக் குடிக்கலாம். சாலை மோசமென்றால் ஒருநாள் போடுவார்கள். மனை பள்ளத்தில் இருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நான் முதலில் டோக்கன் கொடுத்த ஃப்ளாட்டை வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தேன். தெரு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனியில் 50,000 ரூபாய் கொடுத்தாயிற்று. ஆடியில் அக்ரிமெண்ட் வேண்டாம் என்று அப்பா பிடிவாதமாகச் சொன்னதால் ஒரு மாதம் தள்ளிப்போனது. அந்த மாதத்தில் ஒரு ராத்திரி கொட்டிய மழைக்கு மறுநாள் காலையில் போய் நின்றேன். வாசலில் முட்டி வரை தண்ணீர். ஒரே ஒரு ராத்திரி மழைக்கே இந்தக் கதி என்றால் ஐப்பசி, கார்த்திகையில் என்ன ஆகும்? அப்பாவின் சகுன நம்பிக்கை என்னை ஒருமுறையாவது காப்பாற்றியது.

தெற்குப் புறநகரில் தண்ணீர் ஓடும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே ஏரிகள் சங்கிலியாக இருக்கின்றன. மேல் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக வழிந்து, போக்குக் கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். ஜி.எஸ்.டி. சாலைக்குக் கிழக்கே ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும். மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக அடையாறு போகிறது.

2015 டிசம்பர் வெள்ளம் என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சொல்வார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அவற்றை மூழ்கடித்தது மேலே இருந்த ஏரிகள் நிரம்பி ஆற்றில் இறங்கிய தண்ணீர். ஆகவே "செம்பரம்பாக்கம் இங்கேயிருந்து ரொம்ப தூரம் சார்" என்று யாராவது சொன்னால் அதில் ஆறுதல் அடைய ஒன்றுமில்லை.

ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு வீடு மூழ்கிவிடாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம்? போக்குக் கால்வாய் எங்கே போகிறது? மனை அந்தக் கால்வாயின் வழியிலா? கரைக்கு உட்புறம், ஏரியின் உள்வாயிலா? கரைக்கு வெளியே பழைய வயல் பள்ளத்திலா? நான் செய்வது, வண்டியை எடுத்துக்கொண்டு கலங்கலிலிருந்து கால்வாயோடு கூடவே போய்ப் பார்ப்பது. இருபது அடி அகலத்தில் கிளம்பும் கால்வாய் ஒரு லேஅவுட்டுக்குள் நுழைந்து மூன்றடிச் சாக்கடையாக வெளியே வந்தால், நடுவில் இருக்கும் தெருக்களை நோட்டில் அடித்துவிடலாம்.

அடுத்து கூகுள் எர்த். கணினியில் திறந்து பழைய படங்களைக் காட்டும் பட்டையை இருபது ஆண்டு பின்னால் நகர்த்துங்கள். இப்போது கான்கிரீட்டாகத் தெரியும் இடம் அன்று வயலா, தண்ணீரா, மேட்டு நிலமா என்று தெரிந்துவிடும். மழைக்காலத்தில் எடுத்த படம் கிடைத்தால் இன்னும் நல்லது.

பிறகு தெருவில் இறங்கி நடங்கள். சுவர்கள் பேசும். காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கோடு, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி மாட்டிய மின் மீட்டர், கேட்டுக்குள் கட்டிய ஒரு அடித் தடுப்புச் சுவர், தரைத்தளத்தை வெறும் பார்க்கிங்காக விட்ட புது வீடுகள், கடைவாசலில் தேவைக்கு மேல் இரண்டு படி. ஒரே தெருவில் இவற்றில் மூன்று இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். சாலையை மேலே மேலே போட்டதில் பழைய வீடுகளின் தரை சாலைமட்டத்துக்குக் கீழே போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். சொந்த வீட்டுக்காரர்கள் "நம்ம தெருவுக்கு வரலை, அடுத்த தெருவரைதான் வந்துச்சு" என்பார்கள். அடுத்த தெருவில் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள். விலை இறங்கும் என்ற பயம், தப்பில்லை. இஸ்திரி வண்டிக்காரர், தண்ணீர் கேன் போடும் பையன், பால்காரர், வாடகைக்கு இருப்பவர்கள், இவர்களைக் கேளுங்கள். கேள்வியையும் மாற்றுங்கள். "தண்ணி வருமா?" என்று கேட்டால் வராது என்றுதான் பதில் வரும். "2015-ல எத்தனை நாள் கரண்ட் இல்ல அண்ணே? 2023 மிக்ஜாம் புயலப்போ வண்டிய எங்க கொண்டுபோய் விட்டீங்க?" என்று கேட்டால் கதையே வரும்.

கடைசிச் சோதனை, மழை நின்று ஆறு மணி நேரத்துக்குள் அந்தத் தெருவில் போய் நிற்பது. மாடியில்தானே வாங்குகிறோம் என்று இதைத் தவிர்க்க வேண்டாம். லிஃப்ட், மோட்டார், சம்ப், கார் எல்லாம் கீழேதான் இருக்கின்றன.

4. உள்ளே வரும் தண்ணீர், வெளியே போகும் தண்ணீர்

வெள்ளத்தில் தேறிய பகுதி கோடையில் காய்ந்துபோகலாம். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த நகரம் இது. புறநகரில் பெரும்பாலும் போர் தண்ணீரை நம்பித்தான் வாழ்க்கை.

அந்தத் தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரு டம்ளர் போர் தண்ணீர் கேட்டு வாங்கி மீட்டரால் அளங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. 1500-க்கு மேல் காட்டினால் குளிக்கும்போது சோப்பு நுரைக்காது, குழாயில் வெள்ளையாகப் பூக்கும், கீஸர் காயில் அடிக்கடி போகும். மீட்டர் காட்டாத ஒன்றும் உண்டு. தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுத்துவந்து ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தண்ணீர் மஞ்சளாகி அடியில் பழுப்பாகப் படிந்தால் இரும்புச்சத்து. வெள்ளைத் துணி, வெள்ளை டைல்ஸ் இரண்டையும் மறந்துவிடலாம். குரோம்பேட்டை நாகல்கேணி போலத் தோல் தொழிற்சாலைகள் இருந்த பக்கங்களில் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிக்காமல் நகராதீர்கள்.

சித்திரை, வைகாசியில் மாதத்துக்கு எத்தனை லாரி வாங்குகிறார்கள் என்று ஃப்ளாட் அசோசியேஷன் செயலாளரிடம் கேளுங்கள். ஞாபகத்தில் சொல்லும் பதிலை நம்பாமல் மெயின்டனன்ஸ் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

கழிவுநீரைப் பற்றி யாருமே கேட்பதில்லை. பாதாள சாக்கடை இணைப்பு வந்துவிட்டதா, செப்டிக் டேங்க்தானா? செப்டிக் டேங்க் என்றால் எத்தனை நாளைக்கு ஒருமுறை லாரி வருகிறது? நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடங்களில் மழைக்காலத்தில் டேங்க் வாரம் ஒருமுறை நிரம்பும். தெருவிலுள்ள மழைநீர் வடிகாலில் வெயில் காலத்திலும் கறுப்பாகத் தண்ணீர் ஓடினால், யாரோ கழிவுநீரை அதில் விடுகிறார்கள். மழைக்கு அது உங்கள் வாசலுக்கு வரும்.

5. மூன்று தடவை போங்கள், மூன்றும் வேறு வேளையில்

ஞாயிறு மதியம் எல்லாப் பகுதியும் அழகு. வேலைநாள் காலை ஏழரைக்கு ஒருமுறை, இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை, விசேஷ நாளில் ஒருமுறை போங்கள். காலையில் பள்ளி வேன்கள் தெருவுக்குள் வருகின்றனவா, மெயின் ரோட்டிலேயே நிற்கின்றனவா என்று தெரியும். இரவில் தெருவிளக்கு, நாய்கள், டாஸ்மாக் கடை எந்த முனையில் என்பது தெரியும். விசேஷ நாளில் கல்யாண மண்டபத்தின் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியும்.

பக்கத்தில் காலி மனை இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். சி.எம்.டி.ஏ.-வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இரண்டாவது முழுமைத் திட்டத்தில் அந்த சர்வே எண்ணுக்கு என்ன நிலப் பயன்பாடு என்று அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். குடியிருப்பு என்றால் சரி. தொழிற்சாலைக்கு ஒதுக்கிய நிலம் என்றால் நாளைக்கு ஜன்னலுக்கு எதிரே லேத் பட்டறை வரும். பொழிச்சலூர், பம்மல் பக்கம் போகிறவர்கள் விமானச் சத்தத்தை மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் நின்று கேட்டுவிடுங்கள்.

மருத்துவமனைக்கு ஒரே கேள்வி போதும்: இரவு இரண்டு மணிக்கு டாக்டர் இருக்கும் இடம் எத்தனை நிமிடத்தில்?

6. "வரப்போகுது" என்பதற்குக் காசு கொடுக்காதீர்கள்

மெட்ரோ வரப்போகிறது, விமான நிலையம் வரப்போகிறது, ஐ.டி. பார்க் வரப்போகிறது. புறநகர் விலையில் கணிசமான பங்கு இந்த மூன்று வார்த்தைக்குத்தான். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதையின் வேலை 2008-ல் தொடங்கியது. பதினைந்து ஆண்டு கழித்தும் அதில் ரயில் ஓடவில்லை. அதை நம்பி ஆதம்பாக்கத்தில் வாங்கியவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்கே போய்விட்டார்கள்.

என் கணக்கு இதுதான்: தூண் எழும்பி மேலே பாதை போட்டிருந்தால் பாதி மதிப்பு கொடுக்கலாம். பலகை மட்டும் நட்டிருந்தால் சைபர். முதல் வீடு நாளைக் காலையிலிருந்து குடியிருக்க வேண்டிய வீடு.

7. சர்வே எண்ணை வாங்கி நிலத்தின் ஜாதகத்தைப் பாருங்கள்

இந்தக் கட்டத்தில் இரண்டு மூன்று பகுதிகள்தான் மிஞ்சியிருக்கும். இப்போது அந்தப் பகுதிகளில் விற்பனைக்கு இருப்பவற்றின் சர்வே எண்களை வாங்குங்கள். தரத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

அரசின் மின்சேவைத் தளத்தில் பட்டா, அ-பதிவேடு (நிலத்தின் வகை எழுதியிருக்கும் பதிவேடு), புலப்பட வரைபடம் பார்க்கலாம், அது அரசு நிலமா என்றும் சரிபார்க்கலாம். வாய்க்கால், ஏரி, மேய்க்கால், அனாதீனம் என்ற சொற்களில் ஒன்று பதிவேட்டில் வந்தாலோ, கோயில் நிலம் என்று வந்தாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வங்கிக்கடனே கிடைத்தாலும் நிறுத்துங்கள். நம் சர்வே எண்ணோடு பக்கத்து எண்களையும் பார்ப்பது அவசியம், வாய்க்கால் அங்கே இருக்கலாம். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பு இரண்டும் கிடைக்கும்.

தனி மனையோ தனி வீடோ என்றால் லேஅவுட்டுக்கு சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017 திட்டம், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்றுப் பதிவான மனைகளை வைத்து வந்தது. "அப்ரூவல் அப்புறம் வாங்கிக்கலாம் சார்" என்று சொன்னால், வாங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். எட்டு வீட்டுக்கு மேலோ, 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலோ உள்ள புது புராஜெக்ட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை அந்த ஆணையத்தின் தளத்திலேயே போட்டுப் பாருங்கள். பிரசுரத்தில் அச்சடித்த எண் போதாது.

பத்திரங்களை வக்கீலிடம் கொடுப்பது இதற்கு அப்புறம்தான். புதியவர்கள் பலர் முதல் வாரத்திலேயே வக்கீலுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் கொடுத்துவிட்டு, மாலையில் ஸ்டேஷன் ரோடு நெரிசலைப் பார்த்ததும் மனம் மாறிவிடுகிறார்கள்.

8. முடிந்தால் வாடகைக்கு இருந்து பாருங்கள், பிறகு டோக்கன்

கடைசியாகத் தேறிய பகுதியில் பதினொரு மாத வாடகைக்குப் போவதைவிட நல்ல சோதனை கிடையாது. ஒரு கோடை, ஒரு மழைக்காலம் இரண்டும் அதில் வந்துவிடும். வீடு மாற்றும் செலவு ஒரு தவணை அளவுக்குத்தான் வரும். பள்ளி, அம்மா அப்பா என்று நகர முடியாதவர்கள் அங்கே இருக்கும் நண்பர் வீட்டில் ஒரு வேலைநாள் இரவாவது தங்கி, காலையில் அங்கிருந்தே அலுவலகம் போங்கள்.

இப்போது வீட்டுக்குள் போகலாம். கிரானைட்டைத் தாராளமாக ரசியுங்கள்.

பிடித்திருந்தால் டோக்கன். அன்றைக்கு நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். எழுத்தில் எதுவும் இல்லாமல் கையில் பணமாகக் கொடுத்துவிட்டு, பிறகு பாதித் தொகையைத் திரும்ப வாங்க நாலு மாதம் அலைந்தேன், மீதி வரவே இல்லை. வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஒரு வெள்ளைத்தாளில் சர்வே எண், பேசிய விலை, தொகை ஆகியவற்றை எழுதி, "வக்கீல் கருத்து பாதகமாக வந்தாலோ வங்கி கடன் மறுத்தாலோ இந்தத் தொகை முழுவதையும் 15 நாளில் திருப்பித் தருகிறேன்" என்ற வரியைச் சேர்த்து, விற்பவரிடமே கையெழுத்து வாங்குங்கள், புரோக்கர் கையெழுத்து போதாது. அந்த வரிக்கு முகம் சுளிப்பவரிடம் டோக்கனைக் கொடுக்காமல் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.